இடது பதினாலு, வலது ஒன்பது

மலை சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்வது என்று வாத்தியார் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு. எட்டரைக்குள் அந்த முடிவு சலூன், பெட்ரோல் பங்க், மருந்துக்கடை என்று மூன்று இடங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மனைவியின் காதுக்குப் போக மட்டும் மூன்று நாள் பிடித்தது. அங்கே அவரே நேரில் போய்ச் சொல்ல வேண்டியிருந்ததுதான் காரணம்.

வாத்தியார் என்றதும் கரும்பலகையையும் சாக்பீஸையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்தக் காரில் அவர் காலுக்கடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் எத்தனை வேகமாகப் போனாலும் இவர் நினைத்தால் நிறுத்திவிடலாம். வீட்டில்தான் அப்படியொரு வசதியை யாரும் பொருத்திக் கொடுக்கவில்லை.

பந்தயத்தை நடத்துவது அவருடைய மச்சான். மனைவிக்கு அண்ணன், சைக்கிள் கடைக்காரர். ஊரைச் சுற்றி மூன்று மலை இருக்கிறதே, சும்மா கிடக்கிறதே என்று ரொம்ப நாளாக அவருக்கு ஒரு குறை. அதனால் ஊரின் முதல் அமெச்சூர் மலை சைக்கிள் பந்தயம் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டார். பரிசு வாங்கிப் பழகிய பெரிய வீரர்களுக்கு இடமில்லை, ஆசைக்கு ஓட்டுகிறவர்கள் மட்டும் வரலாம். தேதி போட்டாயிற்று. எந்த மலை, எந்தப் பாதை என்பது மட்டும் ரகசியம். பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னால்தான் சொல்வாராம். இப்போதே சொன்னால் ஆளாளுக்கு அந்தப் பாதையிலேயே குடித்தனம் நடத்திப் பழகிவிடுவார்களாம்.

வெள்ளிக்கிழமை காலை வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விஷயம் சொல்லணும்."

"சைக்கிள் பந்தயம்தானே? சொல்லுங்க." மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உனக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லலைன்னு கேளுங்க. மருந்துக்கடைக்காரர் முழங்கால் தைலம் ரெண்டு பாட்டில் தனியா எடுத்து வச்சிருக்காராம், உங்க பேர் எழுதி."

"நான் சீரியஸா சொல்றேன்."

"அவரும் சீரியஸாத்தான் வச்சிருக்கார். கடைசியா எப்போ சைக்கிள் மிதிச்சீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி. உன்னைப் பார்க்க உங்க வீட்டுக்கு வருவேனே, மறந்துட்டியா?"

"எப்படி மறக்கும்? வந்து நின்னா அரை மணி நேரம் பேச்சே வராது உங்களுக்கு. நான் அதைக் கூச்சம்னு நினைச்சு ஏமாந்துட்டேன். மூச்சு வாங்கினதுன்னு அப்புறம்தானே தெரிஞ்சுது."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"முடிச்சுக் காட்டறேன் பாரு. என்ன பந்தயம் கட்டறே?"

மெஷின் நின்றது. மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்த எந்த நாளும் வாத்தியாருக்கு நல்லபடியாக முடிந்ததில்லை.

"பின் ரூம்," என்றாள்.

பின் ரூம் என்பது பத்துக்குப் பத்து. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி. இந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னபடி சுற்றுவது அந்த மின்விசிறி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தால், கிளட்ச்சை விடு, பிரேக்கை மிதி என்று ஒரு வாரமாகக் கத்திய தொண்டைக்கு அங்கேதான் ஓய்வு. உலகத்தில் அவருக்கென்று இருந்த இடம் அவ்வளவுதான். அதைக் கேட்கிறாள்.

அவள் கேட்பதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஹாலில் இரண்டு மெஷின், துணி வெட்டுகிற மேசை, மூட்டை மூட்டையாகத் துணி. அந்த வீட்டில் சோபாவைக் கையால் தடவிப் பார்க்காமல் யாரும் உட்காருவதில்லை, குண்டூசி இருக்கும். இடமில்லாமல் எத்தனையோ பெரிய ஆர்டர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். மூன்று வருஷமாகக் கேட்கிறாள், பார்க்கலாம் பார்க்கலாம் என்று இவரும் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டேயிருக்கிறார்.

"நீங்க பந்தயத்தை முடிச்சா ரூம் ஆயுசுக்கும் உங்களுக்கு. நான் வாயே திறக்க மாட்டேன். முடிக்கலைன்னா எனக்கு."

வாயே திறக்க மாட்டேன் என்றதில் வாத்தியார் விழுந்துவிட்டார். "சரி," என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே யோசனை. மூன்று மலையும் ஏறிப் பழக இந்த உடம்பு தாங்காது. எது என்று தெரிந்துவிட்டால் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். ஊர் முழுக்க இதே பேச்சுதான். சலூன்காரர் டவர் மலை என்றார். பெட்ரோல் பங்க்காரர் கல்குவாரி மலை என்று சத்தியம் செய்தார். மருந்துக்கடைக்காரர் எந்த மலையானாலும் தைலம் ஒன்றுதான் என்றார்.

வாத்தியார் இதை விஞ்ஞான முறைப்படி அணுகினார். அந்த வாரம் கார் பழக வந்தவர்கள் எல்லாரும் மலைப்பாதையில்தான் பழகினார்கள். இரண்டாம் கியருக்கே வியர்க்கிற ஆட்கள் வளைவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட, இவர் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து திருப்பங்களை எண்ணினார். டவர் மலைக்கு இடது இருபது, வலது ஆறு. கல்குவாரி மலைக்கு இடது எட்டு, வலது பதினைந்து. தண்ணீர்த்தொட்டி மலைக்கு இடது பதினாலு, வலது ஒன்பது. இதைச் சாப்பிடும்போது சொன்னார், பல் தேய்க்கும்போது சொன்னார், மனைவி ஊசியில் நூல் கோக்கும்போதும் பக்கத்தில் நின்று சொன்னார்.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றாள் அவள்.

"பொது அறிவுக்கு."

அடுத்த வாரம் மச்சான் ஒரு கட்டு வெள்ளைத் துணியும் கொஞ்சம் சிவப்புத் துணியும் கொண்டுவந்து தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனார். பந்தயப் பாதையில் திருப்பத்துக்குத் திருப்பம் கட்டுவதற்கு அம்புக்குறி தைக்க வேண்டும். சதுரமான வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு அம்பு, நாலு மூலையிலும் நாடா. கம்பத்திலோ மரத்திலோ கட்டிவிட்டால் முடிந்தது.

வாத்தியாரின் கண்கள் ஹெட்லைட் போட்ட மாதிரி எரிந்தன. மனைவி தைத்து முடித்ததை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"இதுகிட்ட வராதீங்க. பாதை ரகசியம் இதுலதான் இருக்கு. அண்ணன் என்னை நம்பிக் குடுத்திருக்காரு."

"சேச்சே. நான் அப்படிப்பட்ட ஆளா?"

"நூல் தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வரேன்," என்று அவள் கிளம்பினாள். சாவி பூட்டிலேயே தொங்கியது.

வாத்தியார் பத்து வரை எண்ணினார். பிறகு அலமாரியைத் திறந்தார். உள்ளே இரண்டு அடுக்கு, ஒழுங்காக மடிப்புக் கலையாமல். ஒரு அடுக்கில் அம்பெல்லாம் இடது பக்கம் பார்த்தன. இன்னொரு அடுக்கில் எல்லாம் வலது பக்கம் பார்த்தன. ஒவ்வொன்றாக எண்ணினார். மொத்தம் இருபத்து மூன்று. ஆக டவர் மலை இல்லை, அதற்கு இருபத்தாறு வேண்டும். மிச்சம் இரண்டு மலைக்கும் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் இருபத்து மூன்றுதான். மறுபடி எண்ணினார். இடது பதினாலு. வலது ஒன்பது.

தண்ணீர்த்தொட்டி மலை!

அலமாரியைச் சாத்திவிட்டு ஹாலிலேயே ஒரு சின்ன ஆட்டம் போட்டார். ஆடிய களைப்பில் தடவிப் பார்க்காமல் சோபாவில் உட்கார்ந்ததைத்தான் தவிர்த்திருக்கலாம்.

மறுநாளே மச்சான் கடையிலிருந்து இருபத்தொரு கியர் வைத்த சைக்கிள் ஒன்று வந்தது. காலை ஐந்தரைக்கு வாத்தியார் வாசலில் நின்றார். மனைவி தண்ணீர் பாட்டிலோடு வந்தாள்.

"எந்தப் பக்கம் போறீங்க?"

"சும்மா. கால் போன போக்குல."

"கால் தண்ணித்தொட்டி மலைப் பக்கம் போகுமா?"

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் கேக்கறே?"

"அங்க ஆஸ்பத்திரி நர்ஸுங்க குடியிருப்பு இருக்கு. யூனிஃபார்ம் ரெண்டு தைச்சு வச்சிருக்கேன். போற வழியில குடுத்துட்டா எனக்கு ஒரு நடை மிச்சம்."

ரகசியம் வெளியே தெரியாமலிருக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? பெரிய மனது பண்ணுகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு பார்சலை வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் அவர் சைக்கிளில் போனார் என்று சொல்வதைவிட சைக்கிளோடு போனார் என்று சொல்வது பொருத்தம். மூன்றாவது திருப்பத்திலேயே இறங்கித் தள்ளினார். எதிரே வந்த பால் வண்டிக்காரர், "என்ன வாத்தியாரே, பஞ்சரா?" என்று கேட்டார். "ரோடு எப்படியிருக்குன்னு பார்க்கறேன்," என்றார் இவர். ரோட்டை மிக நெருக்கத்தில், குனிந்த தலையோடு, கடைசிவரை பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார்.

மேலே ஒரு நர்ஸ் பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவர் கையில் ஒரு ரூபாய் நோட்டை வைத்தாள். "கொண்டுவந்த கூலி," என்றாள். வாத்தியார் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். மூச்சு வாங்கியதில் வார்த்தை வரவில்லை. நோட்டு சட்டைப் பைக்குள் போய்விட்டது. இறங்கி வரும்போது, இது மனைவிக்குத் தெரிய வேண்டியதில்லை என்று தோன்றியது. ஊருக்குள் வந்தபோது, தெரியவே கூடாது என்று தோன்றியது.

மறுநாள் மூன்று பார்சல். அதற்கு மறுநாள் நான்கு. ஒரு நர்ஸ் போட்டுக்கொண்டதைப் பார்த்து இன்னொரு நர்ஸ் அளவு கொடுத்தாள். வாத்தியார் ஏறும்போது துணியும் இறங்கும்போது அளவுச் சீட்டும் சுமந்தார். ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு நோட்டு. சேர்ந்த நோட்டில் சீட்டில் உட்கார வசதியாக பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை ஒன்று வாங்கி, பயிற்சிக்காக மச்சான் சும்மா கொடுத்தார் என்று வீட்டில் சொல்லிவிட்டார். மனைவியின் பார்சலைக் கொண்டே மனைவிக்குத் தெரியாமல் சம்பாதித்து, அவள் கேட்ட ரூமையும் ஜெயிக்கப் போகிறோம் என்று நினைக்க நினைக்க மிதி லேசானது.

உண்மையிலேயே லேசானது. அதுதான் ஆச்சரியம். இரண்டாவது வாரம் ஏழாம் திருப்பம் வரை இறங்கவில்லை. மூன்றாவது வாரம் பதினாறு. நான்காவது வாரம் ஒரு நாள் காலை, இருபத்து மூன்றாவது திருப்பத்தில் தண்ணீர்த்தொட்டி தெரிந்தபோது அவர் இன்னும் சீட்டில்தான் இருந்தார். கீழே ஊர் முழுக்கப் பனியில் கிடந்தது. யாருக்கும் பிரேக் போடாமல், யாரையும் பார்த்துக் கத்தாமல் தன் காலாலேயே தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. நர்ஸ்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு அவர் பார்சலைக் கொடுக்கவே மறந்து இறங்கிவந்து, மறுபடி பாதி வழி ஏறினார்.

பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனது. "தொப்பை எங்கே போச்சு?" என்று மனைவி சிரித்தாள். அவளுக்கும் அது பிடித்துத்தானிருந்தது.

பாதையைச் சொல்லும் நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் கையில் காகிதக் கட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அம்புக்குறிகளை வாங்கிப் போக வேண்டும், வாத்தியாரிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும்.

"சொல்லுங்க மச்சான், எந்த மலை?" வாத்தியார் காலை ஆட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாகக் கேட்டார்.

"கல்குவாரி மலை, மாப்ளே."

ஆடிய கால் நின்றது.

"எந்த மலை?"

"கல்குவாரி. இடது எட்டு, வலது பதினஞ்சு."

"இருக்காது! நானே எண்ணினேன்! இடது பதினாலு—" என்று ஆரம்பித்து வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டார். மச்சான் கூரையைப் பார்த்தார். மனைவி நிதானமாக அலமாரியைத் திறந்து, இடது அடுக்கிலிருந்து ஒரு துணியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது எந்தப் பக்கம் காட்டுது?"

"இடது."

துணியைத் தலைகீழாகத் திருப்பினாள். நாலு மூலையிலும் நாடா இருந்ததால் தலை எது, கால் எது என்று அதற்கு ஒரு வித்தியாசமும் இல்லை. "இப்போ?"

வாத்தியார் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாகச் சாலைக் குறிகளைப் பாடம் நடத்தியவர். "வலது," என்றார், மெல்ல.

"இருபத்து மூணும் ஒண்ணுதாங்க. கட்டறவங்க எப்படிக் கட்டறாங்களோ அப்படி."

"பின்னே ஏன் பதினாலு தனியா, ஒன்பது தனியா அடுக்கி வச்சே?"

"நீங்கதானே தினமும் சொன்னீங்க, பதினாலு, ஒன்பதுன்னு. மனசுல பதிஞ்சுபோச்சு."

வாத்தியார் அசந்துபோய் உட்கார்ந்தார். ஆனாலும் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. நாலு வாரம் மலை ஏறிய கால். எழுந்து நின்று தொடையைத் தட்டினார். "அதனால என்ன? மலைன்னா மலைதானே! தண்ணித்தொட்டி ஏறினவனுக்குக் கல்குவாரி ஒரு பொருட்டா? கொண்டாங்க மச்சான் காகிதத்தை!"

"அப்படிச் சொல்லுங்க மாப்ளே!" மச்சானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "உறுதிமொழி நாலே நாலு. வாசிக்கறேன், ஆமான்னு சொல்லிக் கையெழுத்துப் போடுங்க. ஒண்ணு, ஹெல்மெட் போடுவேன்."

"ஆமா."

"ரெண்டு, உடம்புக்கு ஒண்ணும் குறையில்லை."

"ஆமா."

"மூணு, வழியில எந்த வண்டியையும் பிடிச்சுக்கிட்டு வர மாட்டேன்."

"ஆமா, ஆமா."

"நாலு, நான் அமெச்சூர். இந்த ஒரு வருஷத்துல சைக்கிள் மிதிச்சு யார்கிட்டயும் கூலி வாங்கினதில்லை."

பேனா காகிதத்துக்கு அரை அங்குலம் மேலே நின்றுவிட்டது.

"இது எதுக்கு?" என்றார் வாத்தியார்.

"அது இல்லேன்னா எப்படி மாப்ளே? தினம் சிலிண்டர் கட்டி மலை ஏறறவன், பேப்பர் போடறவன் எல்லாம் வந்தா நம்மள மாதிரி ஆசைக்கு மிதிக்கறவன் கதி என்ன?"

வாத்தியார் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஐம்பத்தேழு பார்சல்," என்றாள். "ஒண்ணு விடாம கூலி குடுக்கணும்னு நான்தான் நர்ஸுங்ககிட்ட சொல்லியிருந்தேன். மனுஷன் சும்மா மலை ஏறலாமா, பாவம். ஆனா நீங்க வாங்கலைன்னா வாங்கலைன்னே எழுதுங்க. நான் அவங்களைக் கேட்டுக்கறேன், ஐம்பத்தேழு நோட்டும் எங்கே போச்சுன்னு."

வாங்கவில்லை என்றால் பொய்யும் திருட்டும். வாங்கினேன் என்றால் பந்தயத்தில் இடமில்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட வாத்தியார் பஞ்சு வைத்த அரைக்கால் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"வாங்கினேன்," என்றார்.

மச்சான் பேனாவை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். வாத்தியாருக்கு ரூம் போன வருத்தத்தைவிட, நாலு பேர் பார்க்க மலை ஏற முடியவில்லையே என்ற வருத்தம்தான் அப்போது பெரிதாக இருந்தது. ஆனால் அடுத்த நொடியே மூளையில் ஒரு பல்ப் எரிந்தது.

"இரு, இரு! நான் தோக்கலையே! பந்தயத்துல கலந்துக்கவே இல்லையே! டெஸ்ட்டுக்கு வராதவன் ஃபெயில் இல்ல, ஆப்சென்ட்!"

"சரி, ஆப்சென்ட்," என்றாள் மனைவி உடனே. அவள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதே அவருக்குச் சரியாகப் படவில்லை. "உங்க ஸ்கூல்ல ஆப்சென்ட் ஆனவங்களுக்கு லைசென்ஸ் குடுத்துடுவீங்களா?"

"அதெப்படி? அடுத்த டெஸ்ட்டுல பாஸ் பண்ணணும்."

"அதுவரைக்கும் வண்டியைத் தனியா எடுக்கலாமா?"

ஆயிரம் பேரிடம் சொன்ன பதில், பழக்கத்தில் தானாக வாயில் வந்துவிட்டது. "கூடவே கூடாது."

"அப்போ அடுத்த வருஷ டெஸ்ட் வரைக்கும் ரூம் என்கிட்ட இருக்கட்டும். அண்ணா, நாற்காலிக்கு ஒரு கை பிடிங்க. நாளைக்கு நர்ஸுங்க குடியிருப்பிலேர்ந்து நாற்பது யூனிஃபார்ம் ஆர்டர் வருது."

முன்பக்கம் மச்சானும் பின்பக்கம் வாத்தியாருமாகச் சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின் ரூமிலிருந்து வெளியே வந்தார்கள். போகட்டும், ஒரு வருஷம்தானே என்று வாத்தியார் மனதைத் தேற்றிக்கொண்டார். இனி ஒரு நோட்டைக் கையால் தொடுவதில்லை. மூன்று மலையும் ஏறிப் பழகிவிட வேண்டும். அடுத்த வருஷம் யார் தடுக்கிறார்கள் பார்ப்போம். கதவு நிலையில் நாற்காலியைச் சாய்க்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மச்சான், ஒரு விஷயம். அந்த நாலாவது விதியைச் சேர்க்கணும்னு யோசனை சொன்ன புண்ணியவான் யாரு?"

மச்சான் ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரைவிடக் குரலைத் தாழ்த்தினார்.

"புண்ணியவான் இல்ல மாப்ளே, என் தங்கச்சிதான். அடுத்த வருஷத்துக்கு அஞ்சாவதையும் இப்பவே எழுதிக் குடுத்துட்டா."